சத்தம் கூட்டினால் நின்றுவிடும் பெட்டி

என் சகலையைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இளையவர்களுக்கு அவர் ‘காதண்ணே’. மூத்தவர்களுக்கு வெறும் ‘காது’. சம்பள ஜன்னலுக்குள் இருப்பவர்கூடத் தலையை நீட்டி, “காது வந்தாச்சா?” என்றுதான் விசாரிப்பார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அதே தொழிற்சாலையில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய பாட்டுப் பெட்டி. சத்தம் கூட்டினால் அது நின்றுவிட ஆரம்பித்த அந்த மழைக்காலம்.

நாங்கள் செய்தது தண்ணீர் இறைக்கும் மோட்டார். வரிசையின் கடைசியில் ஒரு மேஜை, அதன் முன்னால் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி. வேலை முடிந்த மோட்டார் ஒவ்வொன்றும் அங்கே வந்து ஓட்டிக் காட்டப்படும். என் சகலையிடம் முழங்கை நீளத்தில் ஒரு கட்டை இருந்தது. வைரம் பாய்ந்த மரம், கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது. அதன் ஒரு முனையை மோட்டாரின் உடம்பில், உள்ளே பேரிங் இருக்கும் இடத்துக்கு நேராக வைப்பார். மறுமுனையைக் காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். பிறகு “போகலாம்” என்பார், அல்லது “இருக்கட்டும்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. ‘இருக்கட்டும்’ என்று ஒதுக்கியதைப் பிரித்துப் பார்த்தால் உருளும் குண்டு ஒன்றில் மயிரிழைக் கீறல் இருக்கும்.

அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு முன்னால் அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தமானது. ஒருநாள் காலையில் அவரைப் பெட்டி கட்டும் அறைக்கு மாற்றினார்கள். மோட்டார்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் இடம் அது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆணி அடிக்க வேண்டும். கடைசிவரை அந்தப் பெரியவர் அங்கேதான் இருந்தார். வரிசைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. என் சகலை தினமும் டீ நேரத்தில் அவரிடம் போய் ஒரு தம்ளர் கொடுத்துவிட்டு வருவார். வரும்போது முகம் சுண்டியிருக்கும். “இந்த நாற்காலிக்குக் கால் நாலு இல்ல சகலை, ரெண்டுதான். ரெண்டும் என் தலையில இருக்கு” என்று தன் காதுகளைத் தொட்டுக் காட்டுவார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் சொல்வார்.

அப்போது நாங்கள் ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர், அதன் உச்சியில் புகை போக ஒரு ஓட்டை. அக்காளும் தங்கையும் அந்த ஓட்டை வழியாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். அவர்கள் பிறந்து வளர்ந்தது மாவு மில்லை ஒட்டிய வீட்டில். பெல்ட் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தாழ்ந்த குரல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் புது மாப்பிள்ளையாகப் போன அன்று மாமியார் “தண்ணி குடிங்க மாப்பிள்ளே” என்று அன்பாகச் சொன்னதில் என் கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது. என் சகலையோ அதற்கு நேர் எதிர். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர் குனிய வேண்டும். “என்னங்க முணுமுணுக்கிறீங்க, வாய்க்குள்ள என்ன பாக்கா இருக்கு?” என்று கேட்டே அவர் மனைவி ஓய்ந்துபோனாள்.

பாட்டுப் பெட்டியை அவர் ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடமிருந்து வாங்கினார். அலுமினிய முகம், நடுவில் ஒரு பெரிய திருகு, அதைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்து வரை எண். இரண்டு ஸ்பீக்கர்களுக்குமான பெட்டிகளை அவரே செய்தார். பலகை அறுத்தது, மூலைகளைப் பசை போட்டு இறுக்கியது, உள்ளே பஞ்சு ஒட்டியது எல்லாம் என் வீட்டு வாசலில்தான் நடந்தது. நான் பிடித்துக்கொள்ள, அவர் திருகினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, தலை துவட்டிய துண்டு தோளிலேயே கிடக்க, கேசட்டைப் போட்டுவிட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிபாதித் தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் யாரும் அவரை எதுவும் கேட்கக்கூடாது.

ஒருநாள் என் மனைவி ஓட்டை வழியாக, “தம்பி, அங்க பாடறது எனக்குக் கொழகொழன்னு கேக்குது, என்ன பாட்டுன்னே புரியல” என்று குறைப்பட்டாள். மறு வாரமே அவர் சுவரின் ஓட்டை வழியாக ஒயர் இழுத்து எங்கள் சமையலறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டிவிட்டார். அதைப் பார்த்து அவர் மனைவி, “அக்காவுக்கு மட்டும்தானா?” என்றாள். அவள் சமையலறையிலும் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் ஒரே பாட்டு. “அக்கா, இந்த வயலின் வருதே, இந்த இடத்துலதான் எனக்கு அழுகை வரும்” என்பாள் தங்கை. “எனக்கு வெங்காயத்துலயே வந்துடுச்சு போடி” என்பாள் அக்காள். அந்தக் காலைகளை நினைத்தால் வெங்காயம் வதங்கும் வாசனையோடுதான் எனக்குப் பாட்டு நினைவுக்கு வருகிறது.

முதல் முறை அது நின்றது ஒரு புல்லாங்குழல் பாட்டில். குழல் தனியாக வந்து, மெல்ல இறங்கி, பிறகு வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும். எழுந்த நொடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பெட்டியின் முகத்தில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

“என்ன தம்பி, கரண்ட் போச்சா?” என்று சுவருக்கு அப்பாலிருந்து என் மனைவி கத்தினாள்.

“கரண்ட் இருக்குக்கா. இவர் பெட்டிக்குத்தான் மயக்கம் வந்துடுச்சு!” என்று தங்கை பதில் கொடுத்தாள்.

அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் பாடியது. சத்தத்தைக் கூட்டினால் மறுபடி ‘டக்’. அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு அவர் என்னைக் கூப்பிட்டார்.

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்; பிறகுதான் அடுத்தது. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத் திருகுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். முதல் கோடு ஆறில் விழுந்தது.

முதல் சந்தேகம் சூடு. பெட்டி சுவர் அலமாரிக்குள் இருந்தது, அதன் தலையில் இருக்கும் காற்றுத் துளைகளின் மேலே கேசட்டுகள் அடுக்கியிருந்தன. கையை வைத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. முதலில் கேசட்டுகளை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவர் மனைவி கேசட்டை எடுத்து, பெட்டியையும் வெளியே இழுத்து, எதிரே மேஜை விசிறியையும் போட்டுவிட்டாள்.

“மூணையும் ஒண்ணாப் பண்ணிட்டா எதுனால சரியாச்சுன்னு எப்படிம்மா தெரியும்?” என்றேன்.

“அத்தான், உங்களுக்குக் காரணம் வேணுமா, பாட்டு வேணுமா?”

பாட்டு கொஞ்சம் அதிகமாகவே வந்தது. ஆறில் நின்றது ஆறரையில் நின்றது. புதிதாக ஒரு கோடு போட்டேன்.

இரண்டாவது, ஒயர். பெட்டியின் முதுகில் ஸ்பீக்கர் ஒயர்களைச் செருகும் இடத்தில் பார்த்தால், முறுக்கு அவிழ்ந்து, செம்பு நூல்கள் தலைவிரி கோலமாக நின்றன. அதில் ஒரு நூல் பக்கத்து ஒயரைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தது. சத்தம் கூடி மேஜை அதிர்ந்தால் தொட்டுவிடும் போலிருந்தது. எல்லாவற்றையும் வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கமாக முறுக்கிச் செருகினோம். ஏழு.

“பாத்தீங்களா? பழுது இருக்குன்னு சொன்னேன்ல” என்று சகலைக்கு வாயெல்லாம் பல். பழுது கிடைக்கக் கிடைக்க அவருக்குத் தெம்பு வந்தது. எனக்கென்னவோ அது விசித்திரமாகப் பட்டது. சொந்தப் பெட்டியில் கோளாறு கண்டுபிடித்தால் யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா?

மூன்றாவதாக நான் சொன்னதுதான் வீட்டில் கலவரத்தைக் கிளப்பியது. இரண்டு ஸ்பீக்கருக்கென்று செய்த பெட்டி, நாலைச் சுமந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் இரண்டு மூட்டையோடு மெதுவாக நடக்கலாம், நாலு மூட்டையோடும் மெதுவாக நடக்கலாம். ஓடச் சொன்னால்தான் விழுவான். சமையலறை ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றிப் பார்க்கலாம் என்றேன்.

“யார் வீட்டுது முதல்ல?” என்று ஓட்டை வழியாக என் மனைவியின் குரல் வந்தது.

“ரெண்டும்தான்.”

“அவ வீட்டுது கழட்டினாங்களான்னு நான் வந்து பாத்த அப்புறம் என்னுதைக் கழட்டுங்க!”

கழற்றினோம். பெட்டி எட்டு வரை தாங்கியது. சகலை உடனே எட்டுக்கு வைத்தார். அடுத்த ஞாயிறு எட்டுக்குக் கொஞ்சம் மேலே வைத்தார். ‘டக்’.

அப்போதுதான் என் பென்சில் கோடுகளை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொரு பழுது நீங்கும்போதும் பெட்டி கொஞ்சம் அதிகமாகத் தாங்கியது. ஆனால் ஒருநாளும் அவர் பழைய அளவோடு நிற்கவில்லை. கிடைத்த இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார். எட்டில் பாடும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. என் மனைவி அடுப்படியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எட்ட இருக்கிறதை உற்றுப் பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் தெளிவு வரல சகலை. உள்ளதான் ஏதோ போயிருக்கு. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்.”

ரேடியோ மெக்கானிக் ஒல்லியான மனிதர். எதிலும் அவசரமில்லாதவர். பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய் வைத்திருந்து, அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டி, பாடவிட்டு, சகலையைத் திருகச் சொன்னார். சகலை திருகத் திருக, மெக்கானிக் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல்படிக்கே போய்விட்டார். ‘டக்’ என்றதும் உள்ளே வந்தார்.

“இதுக்கு ஒண்ணும் ஆகல சார். நல்ல பெட்டி. இதுக்குள்ள ஒரு காவலாளி இருக்கான். தாங்க முடியாத அளவு கரண்ட் ஓடினா உள்ளே இருக்கறது கருகிடும், ஸ்பீக்கரும் கிழிஞ்சிடும். அதுக்கு முன்னாடி அவன் கதவைச் சாத்திடறான். இது பழுதில்ல, தன்னைக் காப்பாத்திக்குது.”

“அப்போ அந்தக் காவலாளியை எடுத்துடுங்க” என்றார் சகலை.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் குனிந்து பெட்டியின் முதுகை மூடத் தொடங்கினார். சகலை அவருக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக், “சார், அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் எடுங்க” என்றார்.

சகலை துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சார், அந்த ஸ்க்ரூ டிரைவர்.”

சகலை கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி தெரு முனைக்குக் கேட்கிற குரலில், “என்னங்க! ஸ்க்ரூ டிரைவர் கேக்கறாருங்க!” என்றாள். சகலை உடனே திரும்பி எடுத்துக்கொடுத்தார். அவளுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வழக்கமாக அவள் பேசுவதே அப்படித்தானே.

வாசலில் செருப்பை மாட்டும்போது மெக்கானிக் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அண்ணே, பெட்டியை நான் பாத்துட்டேன். நீங்க அவரைக் கொண்டுபோய்க் காட்டுங்க.”

நான் உள்ளே போய் அதை அப்படியே சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. என் சகலைக்குக் கோபம் வந்து நான் பார்த்தது மொத்தம் சில தடவைகள்தான். அது அவற்றில் ஒன்று.

“என் காதா? இன்னைக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் மோட்டார் கேட்டுட்டு வந்திருக்கேன். ஒண்ணு தப்பாப் போயிருக்கா? சாமான் அறையில இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, என் கையால போன மோட்டார் எதாவது திரும்பி வந்திருக்கா?”

“வரல.”

“அப்புறம்?”

வேகமாக உள்ளே போனார். வேலை முடிந்ததும் கட்டையைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் பழக்கம். வேறொருவர் கை அதில் படுவது பிடிக்காது. அதை எடுத்துக்கொண்டு வந்தார். கேசட்டைப் போட்டார். திருகை இரண்டில் வைத்தார். எங்கள் யாருக்கும் போதுமான சத்தம் அது, உட்கார்ந்து பேசிக்கொண்டே கேட்கலாம். கட்டையின் ஒரு முனையை ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் வைத்து, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் அழுத்தி, கண்ணை மூடினார்.

அவர் முகம் தெளிந்தது. பல மாதமாக நான் அந்த முகத்தில் பார்க்காத தெளிவு.

“குழல் வருது. மூச்சு எடுக்கறான்… அந்த மூச்சுகூடக் கேக்குது. இதோ, வயலின். பாத்தீங்களா? ஒவ்வொண்ணும் தனித்தனியா. யாரோட காதுக்கு வைத்தியம் பாக்கச் சொல்றீங்க?”

“கட்டையை எடுங்க சகலை” என்றேன். பிறகு அவருக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.

எடுத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடியது, வாசலில் நின்ற அவர் மனைவிக்கு ஓடியது. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். கேசட் சுற்றுவதைக் குனிந்து பார்த்தார். மறுபடி கட்டையை வைத்தார், எடுத்தார், வைத்தார். நாலைந்து முறை அப்படிச் செய்துவிட்டு, கட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“சுவரைப் பாத்து உக்காரணும்” என்றார். அவர் மனைவிக்கு அது என்ன சுவர் என்று தெரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அன்று ஓட்டை வழியாகப் பேச்சே வரவில்லை. என் மனைவி இரண்டு தடவை நாற்காலி போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள்.

காது வைத்தியர் ஒரு பெண்மணி. இரண்டு பல் உள்ள எஃகுக் கவை ஒன்றைத் தட்டி அவர் காதுக்கு முன்னால் பிடித்தார். “கேக்குதா?” இல்லை. அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். சகலை துள்ளி நிமிர்ந்தார். வைத்தியர் தலையாட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

“உங்களுக்கு அமைதியான இடத்துல நல்லா கேக்குமா, சத்தமான இடத்துலயா?”

“சத்தத்துலதாங்க. தொழிற்சாலையில எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வீட்டுலயும் இல்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வீடும் சத்தம்தான்” என்றார்.

காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளில் ஒன்று இறுகிப்போயிருக்கிறது, துருப்பிடித்த கீல் மாதிரி அசையாமல் நிற்கிறது என்று வைத்தியர் விளக்கினார். காற்றில் வரும் ஒலி அந்த வழியில் தடைபடுகிறது. உள்ளே நரம்பு நன்றாகவே இருக்கிறது. கட்டையை வைத்தால் ஒலி மண்டை எலும்பு வழியாக நேராக உள்ளே போய்விடுகிறது. தன் குரலும் அதே வழியில் தலைக்குள் பெரிதாகக் கேட்பதால் இப்படிப்பட்டவர்கள் மெதுவாகப் பேசுவார்கள்.

“இல்லம்மா, இவர் கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே இப்படித்தான் பேசுவார்” என்றாள் அவர் மனைவி.

“அப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டிருந்திருக்கும்.”

அவள் கண்ணை விரித்தாள். “அப்போ இத்தனை வருஷமா நான் சொன்னதுல பாதி இவருக்கு…”

“பாதி இல்ல” என்றார் சகலை. “முக்கால்.”

திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. தொழிற்சாலையில் இரைச்சலுக்கு மேலே எல்லோரும் கத்துகிறார்கள். வீட்டில் மாவு மில் குரல்கள். அவருடைய காது ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, நாங்களும் எங்களுக்கே தெரியாமல் ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறோம். இதற்கு மேல் என்னால் முடியாது என்று சொன்னது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அறுவை சிகிச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை. காது கேட்கும் கருவி வந்தது. இப்போது வருவதுபோல் காதுக்குள் மறைகிற சமாசாரம் இல்லை அது. சட்டைப் பையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து கழுத்தோரமாக ஒயர் ஏறிக் காதுக்குள் போகும். எட்ட வருகிறவருக்கும் தெரியும்.

அதை மாட்டிய முதல் ஞாயிறு அவர் பாட்டுப் போடவே இல்லை. வீட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அது என்ன, சொட்டு சொட்டுனு?”

“குழாய்ங்க. ரெண்டு வருஷமா ஒழுகுது, ரெண்டு வருஷமாச் சொல்றேன்.”

“எப்பச் சொன்னே?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிற்பகலில்தான் கேசட்டைப் போட்டார். திருகு இரண்டைத் தாண்டவில்லை. சமையலறை ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டினோம். அந்த அளவில் நாலையும் பெட்டி அலட்சியமாகச் சுமந்தது. புல்லாங்குழல் பாட்டில் வயலின்கள் எழுந்தன, உச்சிக்குப் போயின, இறங்கின. சிவப்பு விளக்கு எரியவில்லை. பாட்டு முடிந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அது பாட்டுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் திங்கட்கிழமை.

காலையில் இருவரும் சேர்ந்து நடந்தோம். தொழிற்சாலைக் கதவு தெரிந்ததும் அவர் நின்றார். கருவியைக் காதிலிருந்து கழற்றி, ஒயரைச் சுருட்டி, சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். இரண்டடி நடந்தார். மறுபடி நின்றார்.

“மாட்டிக்கிட்டுப் போனா பெட்டி கட்டற அறை. மாட்டாமப் போனா நாற்காலி இருக்கும், ஆனா திருடி வச்சிருக்கற மாதிரி இருக்கும். அந்தப் பெரியவருக்குத் தினமும் டீ கொடுத்தேன் சகலை. அவர் ஒளிச்சு வைக்கல.”

“நானும் வரேன்” என்றேன்.

சூப்பர்வைசரின் அறை வரிசைக்கு நடுவிலேயே கண்ணாடி அடைத்த ஒரு கூண்டு. எங்கள் எல்லோரையும் ஒரு பார்வையில் அடக்கிவிடும் பருத்த மனிதர், இடிக்குரல். சகலை மேஜைக்கு முன்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“என்ன? சத்தமாச் சொல்லுங்க!”

“எனக்குக் காது கேக்கல சார்.”

சூப்பர்வைசர் பேனாவைக் கீழே வைத்தார். “இதைச் சொல்லத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களா? ஏங்க, வருஷக்கணக்கா உங்ககிட்ட தொண்டை கிழியக் கத்திட்டு, வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிச்சிக்கிட்டிருக்கேன்! இந்த வரிசையில இது யாருக்குத் தெரியாது?”

சகலை திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வரிசைக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியாது என்று. நான் சாமான் அறையில் இருப்பவன்.

“அப்போ ஏன் சார் யாரும் சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? உங்க மேஜையிலேர்ந்து ஒரு மோட்டாராவது தப்பாப் போச்சா? சொன்னா நீங்க ரோஷப்பட்டுக்கிட்டு நேராப் போய்ப் பெட்டி கட்டற அறையில உக்காந்துடுவீங்க. அப்புறம் இதுங்களை நானா வந்து கேக்கறது?”

“அந்தப் பெரியவரை மாத்தினீங்களே சார்.”

சூப்பர்வைசர் கீழே வைத்த பேனாவை எடுத்து மூடினார். “அவர் விட்ட மோட்டார் லாரி லாரியாத் திரும்பி வந்துச்சு. அதுக்காக மாத்தினேன். காதுக்காக இல்ல. அவர்கிட்ட அதைச் சொல்ல மனசு வரல, காதுன்னு சொல்லிட்டேன்.”

வெளியே பெல்ட்டுகள் ஓட ஆரம்பித்திருந்தன. சூப்பர்வைசரின் கண் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒயர் நுனியில் விழுந்தது.

“அது என்ன? மிஷினா? பைக்குள்ள வச்சா பைக்குத்தான் கேக்கும். எடுங்க, மாட்டுங்க!”

சகலை ஒயரைப் பிரித்து மாட்டிக்கொண்டு, பையிலிருந்த சின்னச் சக்கரத்தை நகர்த்தினார்.

“இப்போ கேக்குதா?” என்று சூப்பர்வைசர் வழக்கம்போல் முழங்கினார்.

சகலை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். “சார், கொஞ்சம் மெதுவா. காது வலிக்குது.”

சூப்பர்வைசர் திறந்த வாயோடு நின்றார். பிறகு மேஜைமேல் குனிந்து, பரீட்சை எழுதுகிறவரைப் போல ஒவ்வொரு சொல்லாக, “இப்படிப் பேசினாப் போதுமா?” என்றார்.

“போதும் சார்.”

“அப்போ போங்க. வரிசை காத்துக்கிட்டிருக்கு.”

அந்த மனிதருக்கு அவ்வளவு மெல்லிய குரல் ஒன்று இருப்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. என் சகலை ஓய்வு பெற்று அந்த நாற்காலியிலிருந்து எழும்வரைக்கும், அவர் ஒருவரிடம் மட்டும் சூப்பர்வைசர் அந்தக் குரலில்தான் பேசினார்.